கழுத்துகள் திரும்பிய நேரம்: நகைச்சுவையும் பாலின அடையாளமும் குறித்த ஓர் எளிய அறிமுகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்து லயன் வீடுகளைக் காலிசெய்துவிட்டு அருகிலுள்ள தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்கள், பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலை மட்டும் கைவிடாமல் ஆண்டுதோறும் திருவிழா எடுத்து வருகின்றன. தீமிதிக்கு முந்தைய இரவு கோயில் மண்டபத்தில் கலைநிகழ்ச்சி நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நிகழ்ச்சியில் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் சேலை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோப்பித் தட்டு ஏந்திவரும் மணப்பெண்ணாக மேடையேறினார். நாலடி வைப்பதற்குள் கொசுவம் அவிழ்ந்து காலைச் சுற்றிக்கொண்டது. தட்டைக் காப்பாற்றுவதா, சேலையைப் பிடிப்பதா என்று அவர் தடுமாறியபோது மண்டபமே அதிர்ந்து சிரித்தது. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த பூக்கடை அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் ஒரு திருநங்கை. அம்மனுக்கும் மேடைக்கும் அன்று மாலை கட்டிக் கொடுத்தவர் அவர்தாம்.

அடுத்த வசனத்தில், மாப்பிள்ளையின் மாமனாக நடித்தவர், “பொண்ணா இது? ஒம்பது மாதிரில்ல இருக்கு!” என்றார். திருநங்கைகளைக் கேலிசெய்யப் புழங்கும் எண் அது. முன்னதைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வாழைநாரை எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

மறுநாள் காலையில் அந்த இளைஞர் மாலை வாங்க வந்தபோது நானும் கடையில் நின்றிருந்தேன். “அக்கா, ராத்திரி கோவிச்சிக்கிட்டீங்களா?” என்று தயங்கிக் கேட்டார். “நீ சேலை கட்டி வந்ததுக்கு மொதல்ல சிரிச்சதே நான்தான் தம்பி. கொசுவம் அவுந்துச்சே, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. ஆனா அந்த நம்பரச் சொன்னதும் ஒருத்தரும் மேடையப் பாக்கல. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க” என்று சொல்லிவிட்டு, மாலைக்குப் பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்.

ஒரே நாடகத்தில், ஒரே வேடத்தைப் பார்த்து, ஒரே கூட்டம் சிரித்த அந்த இரண்டு சிரிப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அதற்கு முதலில் பாலின அடையாளம் என்பது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்தவுடன் அதன் உடலைப் பார்த்து, ஆண் என்றோ பெண் என்றோ பிறப்புச் சான்றிதழில் எழுதுகிறோம். இது உடல் சார்ந்த பால். வளர வளர ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளூர உணர்வது பாலின அடையாளம். பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் ஒத்துப்போவதால், தமக்கு அப்படியொரு உணர்வு இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. காலுக்குப் பொருந்திய செருப்பை யாரும் நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. யாரிடம் ஈர்ப்பு ஏற்படுகிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி, அதை இதனோடு கலக்கக் கூடாது. மேடையில் சேலை கட்டுவதும் வேறு. அந்த இளைஞரின் சேலை இரவு பதினொரு மணிக்குக் கழற்றி மடிக்கப்பட்டுவிட்டது. அக்கா மறுநாள் காலையிலும் அக்காவாகவேதான் கடையைத் திறந்தார்.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சங்கதி என்று எங்கள் ஊர்க் கோப்பிக்கடையில் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது நம் இலக்கண நூல்களை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணைக்குள் வைத்தே தொல்காப்பியம் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் ஒருபடி மேலே போய், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்ளச் சொல்கிறார். அவர் பயன்படுத்தும் வினை ‘அவாவுதல்’, அதாவது விரும்புதல். உடலை அளவுகோலாக்காமல் விருப்பத்தை அளவுகோலாக்கிய இலக்கணம் அது. அதே நூற்பாவின் கடைசி அடி, இவ்விரு சாராரையும் அஃறிணைபோலவும் வழங்கலாம் என்று இடம் கொடுத்துவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘அவனா, அவளா, இல்ல அதுவா?’ என்று தெருவில் கேட்கப்படும் கேள்விக்கு வேர் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது.

இந்தக் கேள்வி தமிழில் மட்டும் ஏன் இத்தனை எளிதாக நகைச்சுவையாகிவிடுகிறது என்பதற்கு மொழியமைப்பும் ஒரு காரணம். மலாயில் ‘டியா’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் பொருந்தும், வினைச்சொல்லும் மாறாது. அக்காவிடம் பூ வாங்கும் மலாய்க்கார அம்மா, ஆண்டுக்கணக்கில் அவரைப் பற்றிப் பேசினாலும் ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ முடிவெடுக்கத் தேவையே வராது. தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தது என்று வினைமுற்றே பாலைச் சொல்லிவிடுவதால், வாயைத் திறந்ததும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இதிலிருந்து தப்பிக்கும் வழியையும் மொழியே வைத்திருக்கிறது: ‘வந்தார்’ என்ற பலர்பால் மரியாதை வடிவம். பாலைக் காட்டாத அவ்வடிவத்துக்கு மேல், நம் ஊர் வழக்கப்படி உறவுமுறை சேர்த்து ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது. மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்தபோது, அவர்களுக்குப் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெண்வேடமிட்ட ஆண் நமக்குப் புதியவனும் அல்லன். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை பட்டியலிடும் பதினோர் ஆடல்களில் ஒன்று, ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் காமன் ஆடிய பேடு. மணிமேகலையில், மலர்வனம் நோக்கிச் செல்லும் வழியில், புகார் நகரத்துத் தெருவில் அதே கோலத்தில் ஒருவர் ஆட, மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள். சுருண்ட தாடியும் பூச்சூடிய கூந்தலும் சிவந்த வாயுமாக அந்த ஆட்டக்காரரைப் புலவர் ஒவ்வோர் உறுப்பாக வருணிக்கிறார். தெருக்கூத்தில் ஆண்கள் திரௌபதியாக வந்து சபதம் செய்யும்போது யாரும் சிரிப்பதில்லை. ஆகவே, ஆண் சேலை கட்டினாலே அது கேலி என்பது நம் மரபில் இல்லாத ஒன்று. சேலையின் மேல் என்ன கருத்து போர்த்தப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருத்துவத்தின் பார்வை மாறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டுக் கையேட்டில், பிறப்பில் பதியப்பட்ட பாலும் உள்ளூர உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலையை மனக்கோளாறுகளில் சேர்த்திருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்ற பெயரை நீக்கி, உடலுக்கும் உணர்வுக்கும் உள்ள முரணால் ஒருவர் படும் வேதனையை மட்டுமே சிகிச்சைக்குரியதாக எழுதியது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, இதை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டுப் பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்தது. சொற்களும் கூடவே மாறின. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைந்தது; சென்னை உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலால், மரியாதையான சொற்களின் தொகுதி ஒன்றை 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. மலேசியாவில் ‘பொண்டான்’ என்ற வசைச்சொல்லுக்கு மாற்றாக, அச்சமூகத்தினரே தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘மாக் ஞா’.

இனி நகைச்சுவைக்கு வருவோம். நகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்று மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது, இளமை என்பது பிள்ளைத்தனம், பேதைமையும் மடனும் அறியாமையின் இரு நிலைகள். மண்டபத்தில் எழுந்த முதல் சிரிப்பு பேதைமையில் பிறந்தது. ஆறு கெஜத் துணியை இடுப்பில் நிறுத்தத் தெரியாத ஒருவன் படும் பாடு அது; சேலை கட்டப் பழகிய ஒவ்வொரு பெண்ணும் ஒருநாள் பட்ட பாடும் அதுவே. அக்கா அத்தனை சிரித்ததற்குக் காரணம், அந்த அவஸ்தை அவருக்கு அத்துப்படி என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாம் சிரிப்பு எள்ளலில் பிறந்தது.

மேல்நாட்டுச் சிந்தனையாளர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிறருடைய குறையைக் கண்டதும் நாம் அவரைவிட மேல் என்று சட்டென்று தோன்றும் பெருமிதமே சிரிப்பு என்று 1651இல் தாமஸ் ஹாப்ஸ் எழுதினார். அடக்கிவைத்த அழுத்தம் வெளியேறும் வழியாகச் சிரிப்பை 1905இல் சிக்மண்ட் ஃபிராய்ட் விளக்கினார். 2010இல் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் முன்வைத்த கருத்து, தொடக்கநிலை வாசகருக்கு எல்லாவற்றிலும் உதவியானது: ஏதோ ஒரு வரம்பு மீறப்பட வேண்டும், அந்த மீறலால் தீங்கில்லை என்றும் அதே நொடியில் தோன்ற வேண்டும், இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் சிரிப்பு வரும். வரம்பு மீறப்படாவிட்டால் சப்பென்றிருக்கும், தீங்கு தெரிந்துவிட்டால் வலிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, தீங்கில்லை என்று தோன்றுவது யாருக்கு என்பதாகும். 2023இல் நியூயார்க் மேடையொன்றில், சிங்கப்பூரில் வளர்ந்த நகைச்சுவையாளர் ஜோஸ்லின் சியா, 2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேருடன் காணாமற்போன எம்எச் 370 விமானத்தை வைத்து ஒரு துணுக்குச் சொன்னார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். காணொளி இங்கு வந்து சேர்ந்ததும் நாடே கொதித்தது. கோலாலம்பூரில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது, சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் கோப்பிக்கடையில் “இதெல்லாம் ஒரு ஜோக்கா?” என்று மேசையைத் தட்டிக் கேட்டவரும், திருவிழா வசனத்துக்குப்பின் “ஜோக்க ஜோக்கா எடுத்துக்க வேண்டியதுதானே” என்று சொன்னவரும் ஒரே மனிதர். அவரை நான் குறைசொல்லவில்லை. வலி அருகில் இருந்தால் தெரிகிறது, தூரத்தில் இருந்தால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புண்படுதல் என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு துணுக்கு காதுக்குப் பிடிக்காமல் போவது ஒன்று. அதைக் கேட்டபின் ஊரார் நம்மை நடத்தும் விதம் மாறுவது மற்றொன்று. முன்னதற்காக யாரும் கலைஞனின் வாயைப் பொத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. பின்னதற்கு மலேசியத் தமிழரிடம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ‘கெலிங்’ என்ற மலாய்ச் சொல், கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணப் பெயராக ஒரு காலத்தில் புழங்கியது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மலாக்காவின் தஞ்சோங் கெலிங்கும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் பள்ளித் திடலில் ஒரு பையன் நம் பிள்ளையைப் பார்த்து அச்சொல்லைச் சொன்னால் அதற்குப் பொருள் வேறு. எழுத்து மாறவில்லை, அதன்மேல் ஏளனம் ஏறிவிட்டது. “அகராதியில் இருக்கிற சொல்தானே, இதற்குப்போய் கோபப்படலாமா?” என்று நம்மிடம் கேட்டால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் ‘ஒன்பது வெறும் எண்தானே’ என்ற வாதம் அக்காவுக்கு இருக்கும்.

அந்த எண்ணைப் பற்றி ஆசிரியராக இருந்த அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பணியாற்றிய காலத்தில், உடற்பயிற்சி வகுப்பில் மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னால், எட்டு வரை ஒழுங்காகப் போகும். அடுத்த பையன் வாயைத் திறக்குமுன் வரிசை முழுதும் களுக்கென்று சிரிக்கும். பத்தாமவன் எண்ணைச் சொல்ல முடியாமல் திணறுவான். அங்கே திருநங்கை எவரும் இல்லை, கேலிசெய்யப்பட வேண்டிய காரியமும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் அன்று யோசிக்கவில்லை. சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தேன்.

அதற்கான விடை பெரிதும் சினிமாவில் இருக்கிறது. தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் திருநங்கைகள் கைதட்டிக்கொண்டு வருவதும், நாயகனைத் தொட வருவதும், அவன் அலறி ஓடுவதும் பல ஆண்டுகள் எழுதாத சட்டமாக இருந்தன. 2015 பொங்கலுக்கு வெளிவந்த ‘ஐ’ படத்தில் ஒப்பனைக் கலைஞராக வந்த திருநங்கைப் பாத்திரம் சித்திரிக்கப்பட்ட விதத்தைக் கண்டித்துச் சென்னையில் திருநங்கைகள் போராட்டம் நடத்தினார்கள். அதுவரை அத்தகைய காட்சிகளைப் பார்த்து அவர்கள் எதுவும் சொல்லவில்லையே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ‘அந்தக் காலத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை’ என்ற வாதத்தின் பலவீனமே இதுதான்: கோபித்துக்கொண்டவரின் பேச்சு எட்டும் இடத்தில் நாம் இருக்கவில்லை. தோட்ட நிர்வாகியான துரையைப் பற்றியும் எழுத்தரான கிராணியைப் பற்றியும் தோட்டத்தில் சொல்லப்பட்ட துணுக்குகள் எத்தனையோ. அவை துரையின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டோம். துரை சொன்ன துணுக்குக்கோ, பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) நின்றவர்கள் புரியாவிட்டாலும் சிரித்தார்கள். சிரிப்பு எத்திசையில் இறங்குகிறது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நகைச்சுவையாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இவ்விவாதத்தின் மிகப் பெரிய உலக நிகழ்வு, அமெரிக்க நகைச்சுவையாளர் டேவ் சாப்பலின் ‘தி குளோசர்’ நிகழ்ச்சி. 2021 அக்டோபர் 5ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளியான அதில், திருநர் (திருநங்கை, திருநம்பி போன்றோர்) குறித்து அவர் சொன்ன துணுக்குகளை எதிர்த்து, அந்நிறுவனத்தின் ஊழியர்களே அக்டோபர் 20ஆம் தேதி வெளிநடப்புச் செய்தார்கள். நிறுவனம் நிகழ்ச்சியை நீக்கவில்லை. சாப்பல் அந்நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியில், தம் தோழியும் நகைச்சுவையாளருமாக இருந்து மறைந்த திருநங்கை ஒருவரைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார். தம் துணுக்குகளுக்கு உரக்கச் சிரித்தவர் அவர் என்கிறார். மேடையில் எதையும் பேசலாம் என்ற உரிமை போய்விட்டால், அதிகாரத்தில் இருப்போரைக் கேலிசெய்யும் உரிமையும் கூடவே போய்விடும் என்ற அச்சம் பொய்யானதன்று, நம் நாட்டில் அது இன்னும் பொய்யானதன்று. ஆனால் ஒரு திருநங்கை சிரித்தார் என்பது மற்றவர்கள் சிரித்தாக வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. எங்கள் அக்காவும் சிரித்தார். எதற்குச் சிரித்தார், எங்கே நிறுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கணக்கு.

சட்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். மலேசியாவில் பொதுச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும், முஸ்லிம்களுக்கு அதோடு மாநில ஷரியா சட்டங்களும் பொருந்தும். ஆண் பெண்ணுடை அணிவதைத் தண்டிக்கும் நெகிரி செம்பிலான் மாநிலச் சட்டப் பிரிவு செல்லாது என்று 2014 நவம்பர் 7ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்ற காரணத்தால் 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. இந்துவான எங்கள் பூக்கடை அக்காவுக்கு ஷரியா சட்டம் பொருந்தாது. அவருடைய அன்றாடச் சிக்கல் வேறு: கிளினிக்கில் எண்ணைக் கூப்பிடாமல் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள ஆண்பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிடுவார்கள், அவர் எழுந்து நடக்கும்போது பெஞ்சு வரிசை முழுதும் நிமிர்ந்து பார்க்கும்.

இப்போது மண்டபத்துக்குத் திரும்பலாம். எந்தத் துணுக்கும் சிரிக்கப்படுவதற்கு முன், கேட்பவர் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சேலை கட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொண்டவர் முதல் சிரிப்பைச் சிரிக்கலாம். இரண்டாம் சிரிப்பைச் சிரிக்க, அக்காவைப் போன்றவர் ஒரு மட்டம் கீழானவர் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முதலாவது என்றைக்கும் உண்மையாகவே இருக்கும், அதனால் அந்தத் துணுக்கு இன்னும் நூறு திருவிழாவுக்குத் தாங்கும். இரண்டாவதை நம்புவோர் குறையக் குறைய அந்தத் துணுக்கு தானாகச் செத்துப்போகும். அதைக் கொல்ல யாரும் தடை போட வேண்டியதில்லை. சமூகம் தொட்டாற்சுருங்கியாகிவிட்டது என்று புலம்பும் நகைச்சுவையாளர் பலர், தாம் நின்றிருந்த பலகை உளுத்துப்போனதைக் கவனியாதவர்கள். எங்கள் ஊரில் அந்தப் பலகை இன்னும் முழுதாக உளுத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று பெரிதாக ஒலித்தது இரண்டாம் சிரிப்புதான்.

புதிதாக நாடகம் எழுதும் பிள்ளைகள் என்னிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் ஐந்து ஆண்டில் பழசாகிவிடும் என்பதால் தருவதில்லை. ஒத்திகையின்போது ஒருவரைக் கூட்டத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் மக்களின் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். மேடையை நோக்கியே இருந்தால் வேடம் வேலை செய்கிறது. மண்டபத்தில் யாரையாவது தேடினால் அந்த வசனம் நடிகனை விட்டு இறங்கி, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்த ஒரு மனிதர்மேல் ஏறிவிட்டது.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அதே இளைஞர் அதே மணப்பெண் வேடத்தைக் கேட்டு வாங்கினார். மாமன் வசனத்தை யாரும் சொல்லாமலே அவரே வெட்டிவிட்டார். அந்த இடத்தில் மணப்பெண் கைப்பேசியில் காணொளி பார்த்துச் சேலை கட்டும் காட்சியைச் சேர்த்தார். ஒரு சங்கடம் மட்டும் மிச்சமிருந்தது. முந்தைய ஆண்டு தற்செயலாக அவிழ்ந்த கொசுவம், ஒத்திகையில் எத்தனை முறை நடந்தாலும் சரியான நேரத்தில் அவிழ மறுத்தது. கடைசியில் பூக்கடைக்கே போனார். அக்கா அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, இடுப்பில் கைவைத்து அளந்து, “உள்ள ரெண்டு ஊக்குப் போட்டிருக்க, அதான் விழல. எடது பக்கத்த எடுத்துரு. சோத்துக் கை பக்கம் மட்டும் குத்து, அதுவும் மேலாக்க. நாலாவது அடியில தானா எறங்கும்” என்றார்.